ஒற்றைக் கொம்பு

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கீழே அடிபம்புக்குக் கிளம்பிவிட்டாள். முழங்காலை வைத்துக்கொண்டு இது தேவையா என்று சத்தம் போட்டேன். காதில் வாங்கினால்தானே.

எழுத்துரு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நாங்கள் கணினியில் புள்ளியோடுதான் அடிக்கிறோம், திரையில் அது தெரியாதபடி என் எழுத்துரு மறைத்துவிடுகிறது. தேடுகிறவர்களுக்குச் சொல் கிடைக்கும், பார்க்கிறவர்களுக்குக் கல் கிடைக்கும். திருமாறன் சார் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார். வாக்கியம் என்னுடையது.

இன்று மாட்டிக்கொண்டது ஆலம்பிரியூர்க் கல். புதுக்கோட்டைப் பக்கம், கண்மாய் மடையில் நட்டது, எழுநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். என்னோடு படித்த தமயந்தியின் ஊர். மேல்பாதி உடைந்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒரு வரி: கீழைச்சேரியார்க்கு நீர் கோடாது விடக் கடவர்கள். ஓரவஞ்சனை செய்யாமல் தண்ணீர் விடவேண்டும் என்று பொருள். அதே எழுத்தை ‘கொடாது’ என்றும் வாசிக்கலாம். அப்போது, தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடவேண்டும் என்று ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் இரட்டைக் கொம்பு கிடையாது. கொ, கோ இரண்டுக்கும் ஒற்றைக் கொம்புதான். யூனிகோடில் அப்படி முடியாது. குறிலுக்கு ஓர் எண், நெடிலுக்கு வேறோர் எண். அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பதுதான் எழுத்துரு. இரண்டு எண்ணையும் ஒரே பழைய உருவத்தில் காட்ட எனக்குத் தெரியும், காட்டியும்விட்டேன். ஆனால் அடிக்கும்போது ஏதாவது ஒன்றைத்தான் அடிக்கமுடியும். எதுவென்று தெரியவில்லை என்பதற்கு எண் கிடையாது.

ஆகஸ்ட் 9, புதன்

திருமாறன் சாரிடம் கேட்டேன். அவர்தான் இந்த மின்பதிப்புக்குத் தலைமைப் பதிப்பாசிரியர்.

“பழைய அச்சுப் பதிப்புல என்ன போட்டிருக்கு?”

“கொடாதுன்னு இருக்கு சார்.”

“அப்ப அதையே போடுங்க.”

“அதைப் பதிப்பிச்சவரும் ஊகிச்சுத்தான் சார் போட்டிருக்கணும். கோடாதுன்னும் படிக்கலாம். பக்கத்துல ஒரு குறி போட்டு ரெண்டு பாடத்தையும் குடுத்துரலாமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை இடத்துலம்மா போடுவீங்க? பக்கம் பூரா குறியாத்தான் இருக்கும். உங்க எழுத்துருல ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியப்போகுது? கல்லுல இருக்கறது அப்படியே திரையில இருக்கும். விவரம் தெரிஞ்சவங்க படிச்சுக்குவாங்க.”

அதுவும் சரிதான் என்று தோன்றியது. கொ என்று அடித்தேன். திரையில் அழகாக வந்தது. கொம்பின் வளைவைக் கல்லில் உளி திரும்பியிருக்கிற மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மோட்டாரில் காயில் போய்விட்டதாம். நாளைக்கு வருகிறார்கள்.

செப்டம்பர் 15, வெள்ளி

தளம் இன்று வெளியானது. ஹோட்டல் அரங்கில் விழா. பெரிய திரையில் ஆலம்பிரியூர்க் கல்லின் படத்தையும் பக்கத்திலேயே எங்கள் எழுத்தையும் போட்டார்கள். கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்னைத் தேடிவந்து, பழைய தும்பிக்கை ‘லை’, தும்பிக்கை ‘ணை’ எல்லாம் போட்டு மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கமுடியுமா என்று கேட்டார். முடியும், எழுத்துருவை மாற்றினால் போதும், எழுத்து அதேதான் என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

நிறுவனத் தலைவர் மேடையில் என் பெயரைச் சொன்னார். ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் ஒருவரை ஜனவரியில் நிரந்தரமாக்குவோம் என்றும் சொன்னார். ஆறு வருஷமாக ஒப்பந்தம்.

சாப்பிடும்போது தலைவரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “திருச்சியிலயேதான் படிச்சதா? ஹாஸ்டலா?”

“ஆமாங்க.”

“எந்த ஹாஸ்டல்?”

“காலேஜ் பக்கத்துல ஒண்ணு” என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

நவம்பர் 21, செவ்வாய்

இரண்டு வாரமாக மழை. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. மத்தியானம் தமயந்தி போன் செய்தாள். விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். இப்போது புதுக்கோட்டையில் வக்கீல். எப்போதும் அவள்தான் முதலில் கூப்பிடுவாள்.

“எங்க கண்மாய்க் கல்லை கம்ப்யூட்டர்ல ஏத்தினது உங்க ஆபீஸா?”

“ஆமா. ஏன்டி?”

“நாளைக்கு வர்றேன். நேர்ல பேசணும்.”

நவம்பர் 22, புதன்

மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். அவள் காபியைத் தொடவே இல்லை.

கண்மாய் இந்த வருஷம் நிறைந்துவிட்டது. கீழமடையைத் திறந்தால்தான் கீழத்தெருக்காரர்களின் வயலுக்குத் தண்ணீர். எண்பது குடும்பம், கல்லில் கீழைச்சேரியார் என்றிருப்பவர்கள். மேலத்தெருக்காரர்கள் திறக்கவிடவில்லை. உங்களுக்கு எந்தக் காலத்தில் பாத்தியம் இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அதிகாரி வந்தபோது, கல்லிலேயே எழுதியிருக்கிறது பாருங்கள் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள்.

தாளை என் முன்னால் வைத்தாள். எங்கள் தளத்திலிருந்து அந்த வரியைப் படியெடுத்து வேறெங்கோ ஒட்டி அச்சடித்திருக்கிறார்கள். ஒட்டும்போது என் எழுத்துரு கூட வராது. சாதாரண எழுத்தில், பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத் தெளிவாக நின்றது: கொடாது.

“கல்லுல இப்படியா இருக்கு?” என்றாள்.

“கல்லுல ரெண்டுமா இருக்கு. அப்ப குறிலு நெடிலுக்கு ஒரே எழுத்துதான்.”

“அப்ப இந்தக் கொ எங்கேருந்து வந்துச்சு?”

“தட்டும்போது ஏதாவது ஒண்ணைத் தட்டித்தான் ஆகணும் தமயந்தி.”

“யாரு தட்டினா?”

பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது என்றேன். தலைமைப் பதிப்பாசிரியர் முடிவு செய்தது என்றேன். இரண்டும் உண்மை.

“நல்லது. இதையே ஒரு பக்கத்துல எழுதிக் குடு. பழைய எழுத்துல கொ, கோ வித்தியாசமில்ல, தளத்துல இருக்கறது நாங்களா எடுத்துக்கிட்டதுன்னு. எழுத்துரு செஞ்சவங்கன்னு உன் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடு. ஒண்ணாந்தேதி சமாதானக் கூட்டம். அதுக்குள்ள வேணும்.”

“சாரைக் கேட்டுட்டுத்தான்டி குடுக்கமுடியும்.”

அவள் என்னையே பார்த்தாள். “கேளு. நாத்து போட்டாச்சு நவமணி. கண்மாய் தளும்புது, ஆனா மழை நின்னா வயல் வெடிச்சுரும்.”

நவம்பர் 24, வெள்ளி

சாரிடம் சொன்னேன். தமயந்தியை எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. கிராமத்திலிருந்து ஒரு வக்கீல் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

“நாம எழுத்தைப் பாதுகாக்கறவங்கம்மா. தண்ணிப் பஞ்சாயத்துக்கெல்லாம் போகமுடியுமா? இன்னைக்கு ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு இன்னொரு பக்கம் வந்து நிப்பாங்க.”

“ஒரு பக்கத்துக்கு ஏற்கெனவே குடுத்த மாதிரிதானே சார் ஆகுது?”

“நாம யாருக்கும் எதையும் குடுக்கல. அவங்களா எடுத்துக்கிட்டாங்க.” பிறகு சொன்னார்: “ஜனவரிக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். தெரியும்ல?”

அவர் மிரட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நல்ல செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான்.

நவம்பர் 28, செவ்வாய்

பத்து வரி எழுதினேன். சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி வந்திருக்கிறது. கீழே பெயரைப் போடவில்லை. நாளைக்கு இன்னொரு முறை படித்துப் பார்க்கவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 30, வியாழன்

தமயந்தி நான்குமுறை கூப்பிட்டாள். அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு, எடுக்க முடியவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி. ‘கூட்டத்துல மடைய சிமெண்ட் வச்சு அடைக்க அதிகாரி ஒத்துக்கிட்டாரு. கல்லு சொல்றபடின்னு எழுதி எங்காளுங்ககிட்டயே கையெழுத்து வாங்கிட்டாங்க. உன் பேப்பர் வரல.’

வருத்தமாக இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

டிசம்பர் 6, புதன்

அம்பேத்கர் நினைவுநாள். வருஷாவருஷம் இன்றைக்கு அவர் படம் போட்டு தமயந்தி எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். இன்று வரவில்லை.

ஜனவரி 2, செவ்வாய்

நிரந்தர ஆணை வந்துவிட்டது. அம்மாவின் கையில் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு. திருமாறன் சார் எனக்குக் கைகொடுத்து, நீங்கள் இல்லாமல் இந்தத் திட்டமே இல்லை என்றார்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். அம்மா தொலைக்காட்சியில் ஜல்லிக்கட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமயந்தி தன் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தாள். பாதி வளர்ந்து வைக்கோலாகிப் போன நெல், பின்னால் கண்மாய்க் கரை, கரைக்கு மேலாகத் தெரிகிற தண்ணீர். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “யாரு வயலு?”

“தமயந்தி ஊரு.”

“தண்ணி இருக்கே, ஏன் காஞ்சுபோச்சு?”

விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். அம்மா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஊரில் பொதுக்கிணற்றில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு யாராவது ஊற்றுவார்களா என்று நின்றவள் அவள். என்னிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தளத்தின் கோப்பைத் திறந்து ஆலம்பிரியூர்க் கல்லில் கொ-வை எடுத்துவிட்டு கோ போட்டேன். சேமித்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எதுவும் மாறவில்லை. அதே ஒற்றைக் கொம்பு, அதே வளைவு. கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இந்த இரண்டு மாதத்தில் முதன்முறையாக நன்றாகப் பசித்தது.

பிப்ரவரி 12, திங்கள்

தமயந்தி போன். எடுத்தவுடன் கேட்டாள்.

“நீதான மாத்தினே?”

அவள் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்திருக்கிறாள். எதிர்ப்பக்கத்து வக்கீல் இன்று இரண்டு தாளைக் காட்டியிருக்கிறார். நவம்பரில் எடுத்ததில் கொடாது, போன வாரம் எடுத்ததில் கோடாது. முறையீடு செய்த பிறகு யாரோ உள்ளே புகுந்து கல்வெட்டையே திருத்திவிட்டார்கள் என்கிறார்.

“நீ முறையீடு போட்டது எனக்குத் தெரியாதுடி. சரியானதைத்தானே போட்டேன்.”

“எழுதிக் குடுன்னு கேட்டப்ப எழுதல. ஊரறிய ஒரு பக்கம், அதுக்கு உனக்குக் கை வரல. யாரும் பாக்காதப்ப போயி மாத்தியிருக்கே. யாரு கேட்டா உன்னை?”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“இருபத்தொண்ணாந்தேதி விசாரணை. உன்னையும் உங்க சாரையும் கூப்பிட்டிருக்காங்க. வந்து உண்மையைச் சொல்லு. இதுக்கு மேல கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

பிப்ரவரி 21, புதன்

போனேன்.

அதிகாரி பொறுமையானவர். என்னை உட்காரச் சொன்னார். கீழத்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். தமயந்தி என்னைப் பார்க்கவில்லை, வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தாளில் அந்தப் பழைய எழுத்தை வரைந்து அதிகாரியிடம் கொடுத்தேன். “இதை எப்படி வாசிப்பீங்க சார்?”

“கொடாது” என்றார்.

“கோடாதுன்னும் வாசிக்கலாம். அந்தக் காலத்துல ரெண்டுக்கும் இது ஒண்ணுதான். கம்ப்யூட்டர்ல ரெண்டுக்கும் தனித்தனி எண் இருக்கறதால ஒண்ணை எடுத்துக்க வேண்டியிருந்துச்சு. கல்லு அந்த முடிவை எடுக்கல சார், நாங்க எடுத்தோம்.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். சுவரோரம் நின்ற ஓர் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். அப்புறம் எதிர்ப்பக்க வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“முதல்ல கொடாதுன்னு தட்டினது யாருங்க?”

“நான்.”

“கோடாதுன்னு மாத்தினது?”

“நான்தான்.”

“யார் அனுமதியில?”

“யாரும் சொல்லல.”

“இந்த மேடத்தை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” தமயந்தியைக் காட்டினார்.

“தெரியும். ஒண்ணாப் படிச்சோம். விடுதியில ஒரே ரூம்.”

“எந்த விடுதி?”

அதிகாரி அதைத் தடுக்கவில்லை. திருமாறன் சார் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி அசைந்த சத்தம் கேட்டது.

“ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதி” என்றேன்.

“அவ்வளவுதாங்க ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து சாரைக் கேட்டார்கள். இரண்டு விதமாகவும் வாசிக்கலாம் என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். முப்பது வருஷமாகக் கல்வெட்டு படிப்பவர். அவர் எழுந்து, முதலில் வெளியிட்டதுதான் நிறுவனத்தின் பாடம், இடையில் நடந்த மாற்றம் நிறுவனத்துக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தார். வாசித்த தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மடை அடைத்தபடியே இருக்கவேண்டும் என்று சாயங்காலமே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். என் சாட்சியத்தை எடுத்துக்கொள்ள முடியாது, நான் ஒரு தரப்புக்கு வேண்டியவள்.

வெளியே வேப்பமரத்தடியில் தமயந்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன், கேட்டேன். அவள் திட்டவில்லை. பாட்டிலை மூடினாள்.

“நவம்பர்ல எழுதியிருந்தா நீ எழுத்துரு செஞ்ச மேடம். சொன்னா கேட்டிருப்பாங்க. இன்னைக்கு நீ எங்காளு. எங்காளு சொன்னா எவன் கேப்பான்?”

அந்த அம்மாள் வந்து என் கையைப் பிடித்தார். “வந்து சொன்னியே தாயி, அது போதும்” என்றார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

என் கடவுச்சொல்லை எடுத்துவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பின்னால் வேலை தேட நல்லது என்று சார் சொன்னார். வழக்கமாக ‘ம்மா’ என்று முடிப்பார், இன்று இல்லை. பக்கத்து இருக்கை ஷகிலா மட்டும் வாசல்வரை வந்தாள். யாரும் மறுபடி எந்த ஹாஸ்டல் என்று கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

“விடுதி பேரை அங்கயே சொன்னியா?”

“சொன்னேன்.”

“எல்லாரு முன்னாடியும்?”

“ஆமா.”

“இத்தனை வருஷம் சொல்லாம என்னத்தைக் கண்டே” என்றாள். எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தமயந்தியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டேன். பிறகு தளத்தைத் திறந்தேன். என் எழுத்துரு அங்கேயே இருக்கிறது, அடியில் என் பெயர் இல்லை. ஆலம்பிரியூர்க் கல்லுக்குப் போனேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அந்த வரியைப் படியெடுத்து வெறும் பக்கத்தில் ஒட்டினேன்.

கீழைச்சேரியார்க்கு நீர் கொடாது விடக் கடவர்கள்.